எழுத்துக்கு வண்ணமிடும் எடிட்டர்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, நெய்வேலி



பரீட்சைக்கு முதல் நாள் மஞ்சள் வண்ணப் பேனாவைக் கையிலெடுத்துப் பாடப்புத்தகத்தில் கோடிடாதவர் நம்மில் எவரேனும் உண்டோ? முக்கியமான வரி பளிச்சென்று கண்ணில் பட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததன்று. நம் சிற்றாலயத்தில் பலிபீடத்தின் மேல் விரித்து வைக்கப்பட்டிருக்கும் திருப்பலிப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். குருவானவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை அதில் கறுப்பு எழுத்தில் இருக்கும். அவர் செய்ய வேண்டியவை சிவப்பு எழுத்தில் இருக்கும். சொல் வேறு, செயல் வேறு என்பதை நிறமே பிரித்துக் காட்டிவிடுகிறது. கணிப்பொறியில் நிரல் எழுதுவோரும் இதே வேலையைத்தான் செய்து கொள்கிறார்கள். ஆனால் அங்கே பேனாவைப் பிடிப்பது கை அன்று, ஒரு விதி.

அந்த விதி எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது, நம் தமிழ் எழுத்தின் மேல் அதை ஏவும்போது என்னென்ன விந்தைகள் நிகழ்கின்றன என்பவற்றையே இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

முதலில் எடிட்டர் என்றால் என்ன? எழுத்துகளைத் தட்டச்சு செய்யவும், திருத்தவும், சேமிக்கவும் உதவும் செயலியே எடிட்டர். கடிதம் எழுதும் வேர்டு போன்ற செயலிகளில் நாம் பூசும் மஞ்சள் நிறம் கோப்போடு சேர்ந்தே சேமிக்கப்படும். எடிட்டரில் அப்படியன்று. கோப்பில் வெறும் எழுத்துகள் மட்டுமே இருக்கும். நிறமெல்லாம் திரையில் மட்டும் தோன்றி மறைவன.

எடிட்டர்களில் மூத்தவை எனத்தக்கவற்றுள் ஒன்று ஈமேக்ஸ். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தின் செயற்கை அறிவுக்கூடத்தில், டெகோ என்ற பழைய எடிட்டருக்கான கட்டளைத் தொகுப்பாக அது பிறந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன், கை ஸ்டீல் ஆகியோர் அதற்கு முன்னோடிகள். பின்னர் ஸ்டால்மன் அதைப் புதிதாக எழுதி 1985ஆம் ஆண்டு க்னூ ஈமேக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார். இன்றுவரை அது வளர்ந்து கொண்டே இருக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை. அதன் தனிச்சிறப்பு யாதெனில், பயன்படுத்துபவரே லிஸ்ப் என்னும் மொழியில் நிரல் எழுதி எடிட்டரின் நடத்தையை மாற்றிக் கொள்ளலாம். தையற்காரரிடம் வாங்கிய சட்டையை வீட்டிலேயே பிரித்துத் தைத்துக் கொள்வது போல எனலாம். அதில் 'ஹலோ' என்றொரு கோப்பு உண்டு. உலக மொழிகள் பலவற்றிலும் வணக்கம் சொல்லும் அந்தக் கோப்பில் நம் தமிழ் 'வணக்கம்' என்ற சொல்லும் இருக்கிறது. அதைக் கண்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இனி, ஈமேக்ஸில் ஒரு சொல்லுக்கு வண்ணமிட எத்தனை வழிகள் என்று பார்ப்போம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. சுரங்கத்தின் வரைபடத்தை நினைத்துக் கொண்டால் போதும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் நிற்கிறது என்பதும், அதை ஓயாமல் இறைத்தால்தான் கரி வெட்ட முடியும் என்பதும் நாம் சிறுவயது முதல் கேட்டு வந்த செய்திகள். சர்வே வேலையில் இருப்பவர்கள் முற்காலத்தில் சுரங்கத்தின் படத்தை ஒரு தாளில் வரைந்து வைத்துக் கொண்டு, கிணறுகள் இருக்கும் இடங்களை ஒரு டிரேசிங் தாளிலும், கரிப் படுகையின் கனத்தை இன்னொரு டிரேசிங் தாளிலும் குறித்து மேலே விரிப்பார்களாம். என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஈமேக்ஸில் முதல் வழி, படத்தின் மேலேயே வண்ணம் பூசுவது போன்றது. எழுத்தோடு நிறமும் ஒட்டிக் கொள்ளும். அந்த வரியை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் நிறமும் கூடவே போகும். இதை 'டெக்ஸ்ட் பிராப்பர்ட்டி', அதாவது எழுத்தின் பண்பு என்பார்கள். இரண்டாவது வழி, டிரேசிங் தாள். 'ஓவர்லே' என்று அதற்குப் பெயர். நிறம் எழுத்தில் இல்லை. இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்து வரை என்ற இடத்தின் மேல் விரித்திருக்கிறது. எழுத்தை நகலெடுத்தால் நிறம் வராது. தாளை எடுத்துவிட்டால் அடியிலிருக்கும் படம் பழையபடி சுத்தமாக இருக்கும். ஆயிரக்கணக்கில் டிரேசிங் தாள்களை அடுக்கினால் எடிட்டர் மூச்சுத் திணறும் என்றொரு குறை நெடுநாள் இருந்தது. 2023ஆம் ஆண்டு வெளிவந்த 29ஆம் பதிப்பில் அந்த அடுக்கை வைத்துக் கொள்ளும் முறையையே மாற்றி அக்குறையைப் பெருமளவு போக்கிவிட்டார்கள்.

மூன்றாவது வழிதான் எல்லாவற்றிலும் சுவையானது. நிறத்தை எங்கும் வைத்துக் கொள்வதே இல்லை. விதியை மட்டும் வைத்துக் கொள்வது! 'இப்படிப்பட்ட சொல் எங்கே வந்தாலும் நீலமாகக் காட்டு' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், நாம் தட்டச்சு செய்யச் செய்ய எடிட்டர் தானே பார்த்துப் பார்த்து நிறமிடும். 'ஃபான்ட் லாக்' என்பது இதன் பெயர். பத்தாயிரம் வரிக் கோப்பானாலும் திரையில் தெரியும் வரிகளுக்கு மட்டும் முதலில் நிறமிட்டு, நாம் நகர நகர மற்றவற்றுக்கும் இட்டுக் கொண்டே வரும். விருந்தில் பந்தி உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் இலை போடுவது போல!

இதில் ஒரு நுட்பம் உண்டு. விதி வேலை செய்யும் கோப்பில், நாம் முதல் வழியில் கையால் பூசிய நிறம் நிலைக்காது. 'இது என் விதியில் இல்லையே' என்று ஃபான்ட் லாக் அதை அழித்துவிடும். ஆகவே கையால் நிறமிட விரும்புவோர் டிரேசிங் தாளைத்தான் நாட வேண்டும்.

நிற்க. விதி என்றேனே, அதை எப்படிச் சொல்வது? 'ரெஜெக்ஸ்' என்னும் குறிமுறையில் சொல்ல வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல எழுத்துகளின் வடிவத்தைச் சொல்வது அது. சதுர அடைப்புக்குள் சில எழுத்துகளை இட்டால் 'இவற்றுள் ஏதேனும் ஒன்று' என்று பொருள். நம் தமிழம்மா எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்த இலக்கணம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். அந்த, இந்த, எந்த என்னும் சொற்களுக்குப் பின் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் ஒற்று மிகும். 'அந்தக் கோயில்' என்று எழுத வேண்டும். 'அந்த கோயில்' பிழை. பிழையான இடங்களுக்கு மட்டும் நிறமிடும் விதி இதோ:

[அஇஎ]ந்த [கசதப]

இவ்வளவே! ஈமேக்ஸில் ஆல்ட் விசையோடு எஸ், பிறகு ஹெச், பிறகு ஆர் என்று அழுத்தி இந்த வடிவத்தைத் தட்டினால், பிழையான இடங்கள் எல்லாம் நிறம் பூத்து நிற்கும். ஒற்று சரியாக இட்ட இடத்தில், 'த' வுக்கு அடுத்து இடைவெளி வராமல் 'க்' வந்துவிடுவதால், அங்கே நிறம் விழாது. 'வந்த', 'சொந்த' ஆகிய சொற்களிலும் விழாது. ஏன் தெரியுமா? தமிழில் அ, இ, எ முதலிய உயிரெழுத்துகள், அளபெடை நீங்கலாக, சொல்லின் முதலில்தான் தனி வடிவத்தில் வரும். ஆங்கிலத்தில் 'சொல் இங்கே தொடங்குகிறது' என்று தனியே ஒரு குறி போட வேண்டிய இடத்தில், நம் எழுத்து முறையே காவற்காரனாக நிற்கிறது. ஒரேயொரு எச்சரிக்கை: 'அந்த' வரியின் கடைசியிலும் 'கோயில்' அடுத்த வரியின் தொடக்கத்திலும் இருந்தால் இவ்விதி கண்டுகொள்ளாது. இரு வரிகளைத் தாண்டும் வடிவங்களில் ஃபான்ட் லாக் அவ்வளவு நம்பத்தக்கதும் அன்று.

மேற்சொன்ன விதியில் மறைந்திருக்கும் இன்னொரு விந்தையைக் கவனித்தீர்களா? நாம் தேடியது 'க'; கோப்பில் இருந்தது 'கோ'. பின் எப்படி அகப்பட்டது?

இதற்கு விடை யூனிகோடு முறையில் இருக்கிறது. தமிழில் எழுத்துகள் 247 என்று முதல் வகுப்பிலேயே படித்தோம். ஆனால் யூனிகோடின் தமிழ் எழுத்துத் தொகுதியில் உள்ள இடங்கள் 128 மட்டுமே. அவற்றிலும் பல இன்னும் காலி. 'கோ' என்பதற்குத் தனி எண் கிடையாது. 'க' என்ற எழுத்துக்கு ஓர் எண். அதையடுத்து ஓகாரக் குறிக்கு ஓர் எண். 'க்' என்பதும் அவ்வாறே 'க' வும் புள்ளியுமாக இரண்டு. அகரம் ஏறியதை முதலாக வைத்துப் புள்ளியைப் பின்னால் சேர்க்கிறது யூனிகோடு. நம் இலக்கணமோ மெய்யை முதலாக வைத்து அதில் உயிரை ஏற்றுகிறது. தொல்காப்பியர் பார்த்தால் என்ன சொல்லுவாரோ! கைப்பேசியில் 'கி' என்று அடித்துவிட்டு அழிக்கும் விசையை ஒரு முறை தட்டிப் பாருங்கள். பல செயலிகளில் 'க' மட்டும் எஞ்சி நிற்கும். காரணம் இதுவே.

ஆகவே 'க' வைத் தேடினால் கி, கு, கெ, கோ, க் எல்லாம் அகப்படும். மேலே சொன்ன ஒற்று விதிக்கு இது பெரிய உதவி. நான்கே எழுத்தில் நான்கு வரிசைகளையும் பிடித்துவிட்டோம் அல்லவா? ஆனால் நிறமிடும்போது இதுவே தொல்லையாகும். விதி 'க' வோடு நின்றுவிடுவதால் 'கோ' வில் பாதிக்கு நிறம், பாதிக்கு இல்லை என்றாகிறது. கொம்பு முன்னே, கால் பின்னே, நடுவில் 'க' என ஒரே உருவமாய் நிற்கும் எழுத்தில் பாதியை எப்படிச் சாயத்தில் முக்குவது? சில செயலிகள் முழு எழுத்துக்கும் நிறமிட்டு விடுகின்றன. சில, எழுத்தை உடைத்து, குறியைப் புள்ளிவட்டத்தோடு தனியே காட்டி நம்மைத் திகைக்க வைக்கின்றன. விதியின் இறுதியில் 'அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அதையும் சேர்த்துக் கொள்' என்று ஓர் அடைப்பைக் கூட்டிவிடுவதுதான் இதற்கு மருந்து.

பைத்தான் மொழியில் இத்தொல்லை இன்னும் கொஞ்சம் வேடிக்கையானது. 'சொல்லில் வரத்தக்க எழுத்து' என்று பொருள்படும் குறி ஒன்று அதன் ரெஜெக்ஸில் உண்டு. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிப்பதில்லை! 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து, சொற்களைப் பிரி என்றால் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு சொற்களைத் தருகிறது.

தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடோடு டேஸ் 16 என்ற குறியீட்டு முறையையும் தரமாக ஏற்று அறிவித்தது. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனித்தனி எண் உண்டு. அதைப் பயன்படுத்தினால் பாதி எழுத்துக்கு நிறம் விழும் பேச்சே இல்லை. ஆனால் உலகம் முழுவதும் யூனிகோடிலேயே ஓடுகிறபடியால் டேஸ் பரவவில்லை. பரவியிருந்தாலும் என் மனத்திற்குத் தோன்றுவது இது: நான்கு எழுத்தில் முடிந்த ஒற்று விதிக்கு அங்கே நான்கு வரிசைகளையும் முழுமையாகக் குறிப்பிட வேண்டியிருக்கும். ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கத்தான் வேண்டும் போலும்.

கண்ணுக்குத் தெரியாத பிழையைக் காட்டுவதில் எடிட்டரை மிஞ்ச ஆளில்லை. 'கௌரவம்' என்று தட்டுவதற்குப் பதில், கொம்பையும் 'க' வையும் போட்டு, அருகில் 'ள' என்ற எழுத்தை வைத்து 'கெளரவம்' என்று தட்டுவோர் பலர். தாளில் அச்சடித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கணிப்பொறிக்கு இரண்டாவது சொல், களிமண் என்பதில் வரும் 'ள' வைக் கொண்ட வேறொரு சொல். அதை அகராதியில் தேடினால் கிடைக்காது. அகர வரிசையில் அடுக்கினால் இடம் மாறி உட்காரும். எகரக் குறிக்குப் பின் 'ள' வரும் இடத்துக்கெல்லாம் நிறமிடு என்று சொன்னால் போதுமே என்பீர்கள். போதாது தோழியரே! 'தெளிவு', 'வெள்ளி', 'வெளியே', கெளுத்தி மீன் எல்லாம் குற்றமின்றிச் சிவந்துவிடும். இதற்குக் கெளரவ, மெளன, பெளர்ணமி எனப் பிழை வடிவங்களைப் பட்டியலாகக் கொடுப்பதே தக்கது.

இனி வருவதுதான் மிகவும் முக்கியமான இடம். நம் ஆண்டு மலருக்கு வரும் கட்டுரைகளைக் கணிப்பொறியில் படித்துத் திருத்தும் வேலை மேல்வகுப்பு மாணவிகளுடையது. திரையில் சிவப்பு விழுந்தால் 'பிழை' என்று நம்பித் திருத்துவது மனித இயல்பு. அப்படியிருக்க, விதி தவறாக எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகும்?

இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும் என்பது இலக்கணம். 'நூலைப் படித்தாள்', 'பூவைப் பறித்தாள்'. சரி, ஐகாரக் குறி, பின் இடைவெளி, பின் க, ச, த, ப என்று விதி எழுதுகிறோம். 'நூலை படித்தாள்' சிவக்கிறது; மெத்தச் சரி. ஆனால் 'மழை பெய்தது' என்பதும் சிவக்கிறது! அங்கே மழை எழுவாய், ஒற்று மிகாது. சிவப்பை நம்பித் திருத்தும் சிறுமி 'மழைப் பெய்தது' என்றல்லவா ஆக்கிவிடுவாள்? எழுதியவள் சரியாக எழுதியிருக்க, எடிட்டர் பிழையைப் புகுத்திவிட்டதாகும்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். 'வேலை தேடினாள்' என்றால் உத்தியோகம் தேடினாள் என்று பொருள். உருபு மறைந்திருப்பதால் ஒற்று இல்லை. 'வேலைத் தேடினாள்' என்றாலோ, வேல் என்னும் ஆயுதத்தைத் தேடினாள் என்றாகிவிடும்! 'வேலை' என்ற சொல் இரண்டிலும் எண்ணுக்கு எண் ஒன்றே. எந்த ரெஜெக்ஸாலும் இவற்றைப் பிரிக்க இயலாது. வடிவத்தை மட்டும் பார்க்கும் விதிக்கு வாக்கியத்தின் பொருள் எங்ஙனம் தெரியும்?

நிரல்மொழிகளுக்கும் இச்சிக்கல் உண்டு. ஆனால் அங்கே தீர்வு எளிது. முத்தையா அண்ணாமலை அவர்கள் உருவாக்கி, 2009ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வாயிலாக அறிமுகப்படுத்திய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் பதிப்பி, ஆனால், இல்லை, முடி என்பவை கட்டளைச் சொற்கள். ஒருத்தி இப்படி எழுதுகிறாள்:

பதிப்பி "ஆனால் மழை வந்தது"

மேற்கோளுக்குள் இருக்கும் 'ஆனால்' கட்டளை அன்று, வெறும் பேச்சு. ஃபான்ட் லாக் இதை அறியும். முதலில் மேற்கோள்களையும் குறிப்புரைகளையும் கண்டு அவற்றுக்கு நிறமிட்டுவிட்டு, பிறகுதான் கட்டளைச் சொற்களைத் தேடும். ஏற்கெனவே நிறம் பெற்ற இடத்தை, நாம் வற்புறுத்தினாலன்றித் தொடாது. அதேபோல் 'முடிவு' என்று ஒரு மாறிக்குப் பெயரிட்டால் அதிலுள்ள 'முடி' மட்டும் நீலமாகாதபடி, சொல் எங்கே முடிகிறது என்பதையும் விதியில் சொல்ல வேண்டும். சொல்லின் தொடக்கத்தைக் காக்கும் தமிழெழுத்து, அதன் முடிவைக் காப்பதில்லை.

இதற்கும் மேலான வழி, நிரல் முழுவதையும் இலக்கணப்படி பகுத்து மரம்போல் கிளை கிளையாக அமைத்துக் கொண்டு, எந்தக் கிளையில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்து நிறமிடுவது. 'ட்ரீ சிட்டர்' என்னும் அக்கருவி, மேலே சொன்ன அதே 29ஆம் பதிப்பில் ஈமேக்ஸுக்குள் வந்து சேர்ந்தது. ஓர் எழுத்தை மாற்றினால் மரம் முழுவதையும் மீண்டும் கட்டாமல், மாறிய கிளையை மட்டும் திருத்திக் கொள்ளும் திறமை அதற்குண்டு. நிரல்மொழிக்கு இலக்கணம் எழுதியவர் மனிதர். அதில் இருபொருள் வராதபடி பார்த்தே எழுதியிருக்கிறார். ஆகவே மரம் கட்ட முடிகிறது. 'வேலை தேடினாள்' என்பதற்கு அப்படி ஒரே மரம் கட்ட இயலாது. முன்வரியில் அவள் பட்டம் பெற்றாளா, போர்க்களத்தில் நின்றாளா என்று படித்தவர்க்குத்தான் தெரியும்.

எனவே மலர்க் கட்டுரைகளைத் திருத்த எடிட்டரைப் பயன்படுத்த விரும்பும் தோழியருக்கு நான் சொல்வது: எல்லா விதிகளுக்கும் ஒரே சிவப்பு வேண்டாம். அந்த, இந்த, எந்த விதியும் கெளரவப் பட்டியலும் உறுதியானவை. அவற்றுக்குச் சிவப்பு இடலாம். ஐகார விதிக்கு வெளிர் மஞ்சளே போதும். 'இங்கே சற்று நின்று படி' என்பது அதற்குப் பொருள். சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு காண இயலாதவர்களும் நம்மிடையே இருக்கலாமாதலால், சிவப்போடு அடிக்கோடும் சேர்த்தல் நலம். ஈமேக்ஸில் நிறம், தடிப்பு, அடிக்கோடு மூன்றையும் ஒரே குறியில் அமைக்கலாம். கோப்பை மூடினால் இந்த நிறங்கள் மறைந்துவிடும். ஆனால் விதிகளைக் குறிப்புரையாகக் கோப்பின் தலைப்பிலேயே எழுதி வைக்க ஈமேக்ஸில் ஒரு கட்டளை இருக்கிறது. அடுத்த முறை திறக்கும்போது அவற்றைப் படித்து ஏற்கலாமா என்று அது நம்மைக் கேட்கும். அச்சகத்துக்கு அனுப்புமுன் அந்த வரிகளை நீக்கிவிட வேண்டும்; இல்லையேல் அவையும் மலரில் அச்சாகிவிடும்!